ஓக்கிட் செடிகளை இழைய வளர்ப்பினாற் பெருக்குதலும் வளர்ச்சி ஓமோன்களின் பயன்பாடும்

நெல்லையும் காய்கறியையும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர், தமது வீட்டு வளவிற் சிறிய அளவில் மலர்ச்செடிகளை வளர்த்து மேலதிக வருமானம் பெற விரும்புகின்றனர். வெட்டு மலர்களுள் ஓக்கிட் மலருக்குச் சிறந்த இடமுண்டு. பறித்து நீரில் வைத்தபின் பல நாட்கள் வாடாதிருத்தல், சிறிய நிழற்பந்தரின் கீழ்ப் பல செடிகளை வளர்க்கக்கூடியதாயிருத்தல், வயல் வேலை குறைந்த வேளைகளில் வீட்டாரே பராமரிக்கத்தக்கதாயிருத்தல் ஆகியன இதன் சிறப்புக்களாகும்.

எனினும், இச்செய்கையில் இறங்குவோர் முதலிற் கவனிக்க வேண்டியது நடுகைப்பொருளாகும். நெல்லில் விதைநெல் பழுதானால் ஒரு போகமே வீணாகும். ஓக்கிட்டிலோ, சிறு நாற்றை வாங்கி நட்டவர் அது பூக்கும்வரை ஏறத்தாழ ஈராண்டு, சில வேளைகளில் மூவாண்டு, காத்திருத்தல் வேண்டும். பூத்த பின்னரே இனம் தவறானது, அல்லது மலர் உருக்குலைந்தது என்று தெரியவருமாயின், அத்தனை காலத்து உழைப்பும் முதலும் வீணாகும். இன்று விற்பனையாகும் ஓக்கிட் நாற்றுக்களிற் பெரும்பாலானவை ஆய்வுகூடப் போத்தல்களில், வளர்ச்சி ஓமோன்களின் உதவியோடு உண்டாக்கப்பட்டவை. அவ்வோமோன்கள் அளவறிந்து பயன்படுத்தப்பட்டனவா என்பதிலேயே நாற்றின் தரம் பெரிதும் தங்கியுள்ளது. ஆதலால் இம்முறையின் அடிப்படையை அறிந்திருத்தல், ஆய்வுகூடத்தில் வேலைசெய்வோருக்கு மட்டுமன்றி, நாற்று வாங்கும் கமக்காரருக்கும் அவசியமாகும்.

1. ஓக்கிட் வித்தின் இயல்பு

ஓக்கிட்டின் வித்து தூசி போன்றது. ஒரு காயிற் பல இலட்சம் வித்துக்கள் இருக்கும். சில இனங்களில் அத்தொகை பத்து இலட்சத்தையும் கடக்கும். நெல்மணியினுள் முளைக்கு வேண்டிய மாப்பொருள் நிறைந்திருக்கின்றது. ஓக்கிட் வித்தினுள் அத்தகைய சேமிப்புணவு இல்லை. எனவே அது மண்ணிலோ மரப்பட்டையிலோ விழுந்தவுடன் தானாக முளைப்பதில்லை. காட்டில், ஒருவகைப் பங்கசு வித்தினுட் புகுந்து உணவை ஊட்டினாலன்றி அது வளராது. இவ்வுண்மையைப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த நோயல் பேர்னாட் என்பார் 1899ஆம் ஆண்டிற் கண்டறிந்தார்.

பங்கசு ஊட்டுவது பெரும்பாலும் வெல்லமே எனின், அதனை நேராகக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி பின்னர் எழுந்தது. அமெரிக்காவிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் என்பார், வெல்லமும் உப்புக்களும் கலந்த கூழில், கிருமிகள் அணுகாத கண்ணாடிக் குடுவையினுள், பங்கசு இன்றியே ஓக்கிட் வித்துக்களை முளைக்கச் செய்து 1922ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். இன்றைய போத்தல் வளர்ப்பு முறைகள் பலவற்றுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று.

2. வித்தினாற் பெருக்குதலும் மொட்டினாற் பெருக்குதலும்

நெல் தன்மகரந்தச் சேர்க்கையுடையது; ஆதலால் விதைநெல்லிலிருந்து பெரும்பாலும் அதே இனம் கிடைக்கின்றது. வெட்டு மலருக்காக வளர்க்கப்படும் ஓக்கிட்டுக்கள் அத்தகையனவல்ல. அவை பல இனங்களைக் கலந்து உண்டாக்கப்பட்ட கலப்பினங்கள். கலப்பின மிளகாயின் விதையை எடுத்து மறுபோகத்தில் விதைத்தவர், செடிக்குச் செடி காய் வேறுபடுவதைக் கண்டிருப்பர். ஓக்கிட்டிலும் அவ்வாறே. ஒரே காயின் வித்திலிருந்து வந்த நாற்றுக்கள் நிறத்திலும், மலரின் அளவிலும், பூக்கும் காலத்திலும் வேறுபடும். புதிய இனங்களைத் தெரிவுசெய்வோருக்கு இது நன்மை. ஒரே தரமான மலர்களைத் தொகையாக விற்க விரும்புவோருக்கு இது பயன்படாது.

தாய்ச்செடியைப் போன்ற செடிகளைப் பெறுவதற்கு அதன் உடற்பகுதியையே பெருக்குதல் வேண்டும். புதரைப் பிரித்து நடும் பழைய முறையில் ஆண்டொன்றுக்கு ஒரு செடியிலிருந்து சில செடிகளே கிடைக்கும். 1949ஆம் ஆண்டில் கவின் றோற்றர் என்பார் பலனோப்சிஸ் ஓக்கிட்டின் பூத்தண்டுக் கணுக்களைக் கூழில் வளர்த்துச் செடிகளைப் பெற்றார். 1960ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞரான ஜோர்ஜ் மோறெல், சிம்பிடியம் ஓக்கிட்டின் தளிர்நுனியிலுள்ள நுண்ணிய பிரியிழையத்தை வெட்டி வளர்த்தார். வைரசு நோயற்ற செடியைப் பெறுதலே அவரது நோக்கமாயிருந்தது. ஆயின் அத்துண்டு சிறு பச்சை உருண்டைகளாக உருவெடுத்தது. அவற்றை வெட்டி வைக்க, ஒவ்வொரு துண்டிலிருந்தும் மேலும் உருண்டைகள் தோன்றின. வித்து முளைக்கும்போது முதலில் தோன்றும் உருண்டையைப் புரொட்டோகோம் என்பர். ஆதலால் இவற்றைப் புரொட்டோகோம் போன்ற உருண்டைகள் என அழைப்பர்.

இம்முறையின் வலிமையை ஒரு கணக்கினால் அறியலாம். ஓர் உருண்டை எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மூன்றாகப் பெருகுவதாகக் கொண்டால், 48 வாரங்களில் ஆறு தடவை பெருகி 729 ஆகும். கிருமி தொற்றி அழிவனவும், வளராது நிற்பனவும் கழிந்த பின்னரும் எஞ்சுவது பெருந்தொகையே.

3. ஓமோன்கள் என்றால் என்ன?

தாவரத்தின் ஒரு பகுதியில் மிகச் சிறிய அளவில் உண்டாகி, வளர்ச்சியை ஆளும் பதார்த்தம் தாவர ஓமோன் எனப்படும். அதே தொழிலைச் செய்யும் செயற்கைப் பொருட்களையும் சேர்த்து வளர்ச்சிச் சீராக்கிகள் என்பர். இவை பசளைகளல்ல. பசளை தாவரத்துக்கு உணவு. ஓமோன் அதற்கு இடப்படும் கட்டளை. உணவில்லாதவிடத்துக் கட்டளையினாற் பயனில்லை. உணவு நிறைந்திருப்பினும் கட்டளை பிழைத்தால் வளர்ச்சியும் பிழைக்கும்.

இப்பதார்த்தங்களின் வேலையைக் கமக்காரர் நாள்தோறும் காண்கின்றனர். அவற்றுட் சில வருமாறு:

(அ) ஒட்சின்கள்: செடியின் முனையரும்பைக் கிள்ளினாற் பக்கக் கிளைகள் வெடிப்பதை யாவரும் அறிவர். முனையரும்பில் உண்டாகும் ஒட்சின் கீழிறங்கிக் கக்க அரும்புகளை உறங்கவைக்கின்றது. முனை நீங்கியதும் அவை விழிக்கின்றன. வெற்றிலைக் கொடியின் துண்டு வேர்விடுவதற்கும் ஒட்சினே காரணம். ஒல்லாந்து நாட்டின் பிறிட்ஸ் வென்ற் என்பார், ஓற்ஸ் நாற்றின் நுனியிலிருந்து இப்பதார்த்தத்தைப் பிரித்துக் காட்டி 1928ஆம் ஆண்டில் வெளியிட்டார். நப்தலீன் அசற்றிக்கமிலம், இந்தோல் பியூற்றிரிக்கமிலம் ஆகியவை இழைய வளர்ப்பிற் பயன்படும் ஒட்சின்களாகும். வயலில் அகன்ற இலைக் களைகளையும் கோரைகளையும் கொல்லும் எம்.சி.பி.ஏ., 2,4-டி என்னும் களைநாசினிகளும் இவ்வகுப்பைச் சேர்ந்தனவே. ஒரே வகைப் பொருள் சிறு அளவில் வேரூட்டுவதும், மிகுந்த அளவிற் கொல்வதும் கவனிக்கத்தக்கது.

(ஆ) சைற்றோகைனின்கள்: இவை கலங்கள் பிரிந்து பெருகுவதைத் தூண்டி, உறங்கும் அரும்புகளை விழிக்கச் செய்வன. முதலில் அறியப்பட்ட கைனற்றின், அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மில்லர், ஸ்கூக் ஆகியோரால் 1955ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. இன்று பெரிதும் பயன்படுவது பென்சைல் அடினைன் ஆகும்.

(இ) ஜிபரெலின்கள்: நெல் நாற்றுக்கள் அளவுக்கு மீறி நெடிது வளர்ந்து, வெளிறி, மெலிந்து மடியும் நோயொன்று யப்பானியரால் 'மூட நாற்று' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டது. அந்நோயை உண்டாக்கும் பங்கசு வடிக்கும் ஒரு பொருளே நாற்றை நெடிதாக்குகின்றது என்று குரோசாவா என்பார் 1926ஆம் ஆண்டிற் காட்டினார். அப்பொருள் பின்னர் ஜிபரெலின் எனப் பெயர்பெற்றது. விதை உருளைக்கிழங்கின் உறக்கத்தைக் கலைக்கவும் இது உதவும். ஓக்கிட் வளர்ப்பில் இதன் தேவை குறைவு.

(ஈ) எதிலீன்: வாழைக்குலையைப் புகையூட்டிப் பழுக்கவைக்கையில் வேலைசெய்வது புகையிலுள்ள எதிலீன் வாயுவேயாகும். இவ்வாயு ஓக்கிட் மலரை விரைவில் வாடச் செய்யும். ஆதலாற் பறித்த மலர்களைப் பழுக்கும் பழங்களின் அருகில் வைத்தலாகாது.

4. சமநிலையே முதன்மை

ஸ்கூக், மில்லர் ஆகியோர் புகையிலைத் தண்டின் இழையத்தை வளர்த்து, 1957ஆம் ஆண்டில் ஒரு முக்கிய விதியை வெளியிட்டனர். அது பின்வருமாறு: கூழில் ஒட்சின் மிகுந்து சைற்றோகைனின் குறைந்திருந்தால் வேர் தோன்றும். சைற்றோகைனின் மிகுந்து ஒட்சின் குறைந்திருந்தால் தளிர் தோன்றும். இரண்டும் இடைப்பட்ட சமநிலையில் இருந்தால் வேருமின்றித் தளிருமின்றி உருவமற்ற கலத்திரளே பெருகும்.

எனவே ஓர் ஓமோனின் அளவை மட்டும் கூறுதல் போதாது. மற்றையதன் அளவோடு அதற்குள்ள விகிதத்தையும் கூறுதல் வேண்டும். மேலும், டென்றோபியம், பலனோப்சிஸ், வண்டா, கற்லியா ஆகிய சாதிகள் ஒரே அளவுக்கு ஒரே விதமாக இணங்குவதில்லை. ஒரு சாதிக்குள்ளும் இனத்துக்கு இனம் வேறுபாடுண்டு. ஓரினத்துக்கு வாய்த்த அளவை மற்றோரினத்துக்கு இடுமுன், சில போத்தல்களிற் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

5. வளர்ப்புக் கூழ்

வளர்ப்புக் கூழில் அடங்குவன: நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மகனீசியம் முதலிய மூலகங்களைக் கொடுக்கும் உப்புக்கள், இரும்பு, நாகம், போரன் போன்ற நுண்மூலகங்கள், உயிர்ச்சத்துக்கள், இலீற்றருக்கு 20 தொடக்கம் 30 கிராம் வரை சீனி, கூழை உறையச் செய்ய 7 அல்லது 8 கிராம் ஏகார். முறசிகி, ஸ்கூக் ஆகியோர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட கலவை பெரிதும் பயன்படுகின்றது. ஓக்கிட்டுக்கு அதன் உப்புக்களை அரைப்பங்காகக் குறைத்து இடுவோர் பலர். வித்து முளைப்பித்தலுக்கு நட்சன் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட கலவையும் ஏற்றது. கூழின் பீ.எச். பெறுமானம் 5.2க்கும் 5.8க்கும் இடையில் இருத்தல் நன்று.

சீனி கலந்த கூழ் செடிக்கு மட்டுமன்றிப் பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் விருந்தாகும். எனவே கூழை அமுக்க ஆவிக்கலனில், சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில், 121 பாகை செல்சியசில், 15 தொடக்கம் 20 நிமிடங்கள் வரை வைத்துக் கிருமியழித்தல் வேண்டும். நப்தலீன் அசற்றிக்கமிலமும் பென்சைல் அடினைனும் இவ்வெப்பத்தைத் தாங்கும். ஜிபரெலிக்கமிலம் வெப்பத்தாற் பெரிதும் சிதையும். அதனை நுண்வடியினால் வடித்து, கூழ் ஆறிய பின்னர், உறைவதற்கு முன் சேர்த்தல் வேண்டும்.

6. டென்றோபியம் ஓக்கிட்டைப் பெருக்கும் படிகள்

முதற்படி, தொடக்கம்: நோயற்று, பூத்து, இனம் உறுதியான தாய்ச்செடியிலிருந்து இளந்தளிரைத் தெரிவுசெய்தல் வேண்டும். இலைகளை நீக்கி, ஓடும் நீரிற் கழுவி, 70 வீத மதுசாரத்தில் அரை நிமிடம் தோய்த்து, சில துளி சவர்க்கார நீர் கலந்த சோடியம் ஐப்போகுளோரைற்றின் ஒரு வீதக் கரைசலில் 10 தொடக்கம் 15 நிமிடங்கள் வரை வைத்து, கிருமியழித்த நீரில் மும்முறை கழுவுவர். பின்னர் கிருமியற்ற பெட்டகத்தினுள், முனையரும்பையும் கக்க அரும்புகளையும் வெட்டியெடுத்துக் கூழில் வைப்பர். இப்படியில் இலீற்றருக்குப் பென்சைல் அடினைன் ஏறத்தாழ 1 மில்லிகிராமும், நப்தலீன் அசற்றிக்கமிலம் 0.1 தொடக்கம் 0.5 மில்லிகிராம் வரையும் இடுதல் வழக்கம். வெட்டிய வாயிலிருந்து கபில நிறச் சாறு கசிந்து கூழைக் கறுப்பாக்கினால், துண்டைப் புதிய கூழுக்கு மாற்றுதல் வேண்டும்.

இரண்டாம் படி, பெருக்கம்: தோன்றிய பச்சை உருண்டைகளைப் பிரித்துப் புதிய கூழில் வைப்பர். பென்சைல் அடினைன் 1 தொடக்கம் 2 மில்லிகிராம் வரையும், நப்தலீன் அசற்றிக்கமிலம் 0.1 தொடக்கம் 0.5 மில்லிகிராம் வரையும் போதுமானவை. அறையின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் அளவிலும், ஒளி நாளொன்றுக்கு 12 தொடக்கம் 16 மணித்தியாலங்கள் வரையும் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் படி, வேரூன்றல்: சிறு தளிர்கள் இரண்டு மூன்று இலைகளைப் பெற்றதும் சைற்றோகைனினை முற்றாக நிறுத்தி, ஒட்சினை மட்டும் இலீற்றருக்கு ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் இடுவர். ஓமோன் யாதுமில்லாத கூழிலேயே நன்கு வேர்விடும் இனங்களுமுண்டு. இப்படியில் இலீற்றருக்கு 1 அல்லது 2 கிராம் கிளர்வூட்டிய கரித்தூள் சேர்த்தல் நன்று. கரி கபிலச் சாற்றை உறிஞ்சி, வேருக்கு இருளையும் கொடுக்கும். ஆனால் அது ஓமோனையும் உறிஞ்சிக்கொள்ளுமாதலாற் பெருக்கற் படியிற் காரணமின்றிச் சேர்த்தலாகாது.

வித்திலிருந்து வளர்ப்பதாயின் முதற்படி இலகுவாகும். வெடிக்காத பச்சைக் காயின் உட்புறம் இயல்பாகவே கிருமியற்றது. காயின் மேற்புறத்தை மதுசாரத்தில் தோய்த்துச் சுவாலையிற் காட்டி, வெட்டித் திறந்து வித்துக்களைக் கூழில் தூவலாம். வித்து முளைப்பதற்குப் பெரும்பாலும் ஓமோன் தேவையில்லை.

7. ஓமோனை அளக்கும் முறை

ஒரு மில்லிகிராம் என்பது ஒரு கிராமின் ஆயிரத்திலொரு பங்கு. அதனைச் சாதாரணத் தராசில் நிறுத்தல் இயலாது. கண்மதிப்பாக இடுதல் பெருந்தவறு. ஆகவே முதலில் மூலக்கரைசல் தயாரிக்கப்படும்.

நுண்தராசில் 100 மில்லிகிராம் பென்சைல் அடினைனை நிறுத்து, சில துளி ஐதான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலிற் கரைத்து, காய்ச்சி வடித்த நீரினால் 100 மில்லிலீற்றர் ஆக்குக. அப்பொழுது ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம் இருக்கும். நப்தலீன் அசற்றிக்கமிலத்தையும் அவ்வாறே கரைக்கலாம். ஒரு இலீற்றர் கூழுக்குப் பென்சைல் அடினைன் 2 மில்லிகிராமும், நப்தலீன் அசற்றிக்கமிலம் 0.5 மில்லிகிராமும் தேவையாயின், முதலாவது கரைசலில் 2 மில்லிலீற்றரும், இரண்டாவதில் அரை மில்லிலீற்றரும் இடுதல் வேண்டும். இங்கு விகிதம் நான்குக்கு ஒன்றாகும். போத்தலிற் பெயர், செறிவு, தயாரித்த திகதி ஆகியவற்றை எழுதி, ஒளிபடாது குளிரூட்டியில் வைத்தல் வேண்டும். தசமப்புள்ளி ஓரிடம் பிசகினால் அளவு பத்து மடங்காகும் என்பதை மறத்தலாகாது.

கடைகளிற் கிடைக்கும் வேரூன்றல் ஓமோன் தூள், வெட்டுத் துண்டுகளின் அடியிற் பூசுவதற்கு மாக்கல் தூளுடன் கலந்து செய்யப்பட்டது. அதனைப் போத்தற் கூழிற் கலக்கலாகாது.

8. தெங்கின் நீர்

ஓமோன்கள் தூய பொருளாகக் கிடைப்பதற்கு முன்னரே, தேங்காய் நீர் இளமுளையங்களை வளர்க்கும் என்று வான் ஓவர்பீக் முதலியோர் 1941ஆம் ஆண்டிற் காட்டினர். தேங்காய் நீரில் இயற்கையான சைற்றோகைனின்களும், வெல்லங்களும், அமினோவமிலங்களும் உள. ஓக்கிட் வளர்ப்பில் இலீற்றருக்கு 100 தொடக்கம் 150 மில்லிலீற்றர் வரை வடித்துச் சேர்ப்பது இன்றும் வழக்கிலுள்ளது. மசித்த வாழைப்பழத்தையும் நாற்று வளர்ச்சிக்காகச் சேர்ப்பர். இவை மலிவானவை, ஆயினும் காயின் முற்றலுக்கேற்ப நீரின் தன்மை வேறுபடும். பல காய்களின் நீரை ஒன்றாகக் கலந்து வடித்துப் பயன்படுத்தினால் இவ்வேறுபாடு குறையும்.

9. அளவு மீறுவதால் வரும் கேடுகள்

(அ) சைற்றோகைனின் மிகுந்தால் எண்ணற்ற குறுந்தளிர்கள் நெருக்கமாகத் தோன்றும். அவை நீளாது, வேர்விடாது நிற்கும். போத்தல் நிறைந்திருப்பது கண்ணுக்கு நன்றாயினும், நடுவதற்கேற்ற நாற்று சிலவே தேறும்.

(ஆ) இலைகள் நீர் ஊறியது போன்று கண்ணாடித் தன்மையடைந்து எளிதில் முறியும். மிகையான சைற்றோகைனினும் போத்தலினுள் மிகுந்த ஈரமும் இதற்குக் காரணங்களாகும். இத்தகைய நாற்று வெளியில் வந்ததும் வாடி மடியும்.

(இ) ஒட்சின் மிகுந்தால், சிறப்பாக 2,4-டி இடப்பட்டால், உருவமற்ற கலத்திரள் உண்டாகும். அதிலிருந்து வரும் செடிகளிற் பிறழ்வுகள் மிகும்.

(ஈ) மிக வலிய ஓமோன்களினால் தளிர் தட்டையாகித் திருகும். தைடையசூரோன் என்னும் பொருளை இடும்போது இது குறித்து விசேட அவதானம் வேண்டும்.

(உ) விரைந்து பெருக்கும் ஆசையினால் ஒரே திரளை மீண்டும் மீண்டும் வெட்டிப் பெருக்கினால், தாயினின்று வேறுபட்ட செடிகள் தோன்றும் வாய்ப்பு ஏறிச்செல்லும். இதழ் உருக்குலைதல், நிறம் மாறுதல், செடி குறுகுதல் ஆகிய பிறழ்வுகள் பூக்கும்போதே வெளிப்படும். ஆகையால் நல்ல ஆய்வுகூடங்கள் எத்தனையாவது பெருக்கம் என்பதைப் பதிந்து, ஒரு வரம்புக்குப்பின் புதிய தளிரிலிருந்து மீண்டும் தொடங்குகின்றன.

ஓமோன் வைரசு நோயை நீக்குவதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். ஓக்கிட்டுக்களைத் தாக்கும் சிம்பிடியம் சித்திர வைரசு தாய்ச்செடியில் இருந்தால், கவனமின்றி எடுத்த துண்டுகளிலிருந்து வரும் ஆயிரம் நாற்றுக்களிலும் அது இருக்கும். இவ்வைரசு வெட்டுக் கத்தியின் மூலமும் பரவும்.

10. போத்தலிலிருந்து சாடிக்கு மாற்றுதல்

இப்படியே கமக்காரரின் கைத்திறனிற் பெரிதும் தங்கியுள்ளது. போத்தலினுள் வளர்ந்த நாற்று, ஈரம் நிறைந்த காற்றிலும் சீனியின் ஊட்டத்திலும் பழகியது. அதன் இலை மெல்லியது. நீரிழப்பைத் தடுக்க அறியாதது. நாற்றுமேடையிலிருந்து பிடுங்கிய கத்தரி நாற்றுக்கு நிழல் கொடுப்பதுபோல, இதற்கு அதனினும் கூடிய பாதுகாப்பு அவசியம்.

நாற்றில் மூன்று நான்கு இலைகளும், குறைந்தது இரண்டு மூன்று நல்ல வேர்களும் இருத்தல் வேண்டும். போத்தல்களைத் திறக்குமுன் ஏறத்தாழ ஒரு கிழமை நிழற்பந்தரின் கீழ் வைத்துப் பழக்குக. பின்னர் நாற்றை மெதுவாக வெளியே எடுத்து, வேரில் ஒட்டிய கூழை இளஞ்சூட்டு நீரில் முற்றாகக் கழுவுக. கூழ் எஞ்சினால் அதிலுள்ள சீனியிற் பங்கசு பிடித்து வேரை அழுகச் செய்யும். சிபாரிசு செய்யப்பட்ட பங்கசுநாசினிக் கரைசலில் சில நிமிடங்கள் தோய்த்து, நிழலில் நீர் வடியவிடுக.

முதலில் ஒரு சாடியிற் பல நாற்றுக்களைச் சேர்த்து நடலாம். சாடியின் அடியில் உடைந்த ஓட்டுத்துண்டுகளையும், மேலே சிறு கரித்துண்டுகளையும் தும்புத்துண்டுகளையும் இடுக. தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பயன்படுத்துவதாயின் அவற்றைப் பல நாட்கள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, உப்பும் கறையும் நீங்கிய பின்னரே இடுதல் வேண்டும். முதல் நான்கு கிழமைகள் அடர்ந்த நிழலில், ஒளிபுகும் பொலித்தீன் மூடியின் கீழ் வைத்து, நாளுக்கு நாள் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குக. தூவல் நீர் போதும்; வேரடியில் நீர் தேங்கலாகாது. புதிய வேர் தோன்றியபின், ஐதாக்கிய பசளைக் கரைசலைக் கிழமைக்கொருமுறை தெளிக்கலாம்.

களைநாசினி தெளித்த கருவியை ஓக்கிட்டுக்கோ காய்கறிப் பயிருக்கோ பயன்படுத்தலாகாது. எம்.சி.பி.ஏ.யின் சிறு மிச்சமும் தக்காளியின் இலையைத் திருகச் செய்யும். மென்மையான ஓக்கிட் நாற்றையும் கெடுக்கும். இதற்கெனத் தனித் தெளிகருவி வைத்திருத்தல் சிறந்தது.

11. நாற்று வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை

1. நாற்று வித்திலிருந்து வந்ததா, தாய்ச்செடியின் தளிரிலிருந்து வந்ததா?
2. தாய்ச்செடியின் இனப்பெயர் யாது? அதன் மலரைப் பார்க்க முடியுமா?
3. தாய்ச்செடி வைரசு நோய்க்காகச் சோதிக்கப்பட்டதா?
4. எத்தனை தடவை வெட்டிப் பெருக்கப்பட்டது?
5. கடைசியாக வைக்கப்பட்ட கூழிற் சைற்றோகைனின் நிறுத்தப்பட்டதா? வேர்கள் நன்கு தோன்றியுள்ளனவா?

இவற்றுக்குத் தெளிவாக விடையளிக்காதவரிடம் தொகையாக வாங்குதல் உசிதமன்று. ஒரே போத்தலினுள் இலைகள் மிகச் சிறுத்து, நெருங்கி, வேரின்றி நிற்பின், அது ஓமோன் மிகுந்ததன் அடையாளமாயிருக்கலாம். முதலிற் சில போத்தல்களை மட்டும் வாங்கி, ஒரு சிறு பந்தரில் வளர்த்துப் பழகிய பின்னரே முதலைப் பெருக்குதல் புத்தியாகும். நெற்காணியை இதற்காக ஒழிக்க வேண்டியதில்லை. இது உபதொழிலாகவே தொடங்கத்தக்கது.

12. காட்டு ஓக்கிட்டுக்களைக் காத்தல்

இலங்கைக் காடுகளில் நூற்றெண்பதுக்கு மேற்பட்ட ஓக்கிட் இனங்கள் உள. அவற்றுட் பல உலகில் வேறெங்கும் காணப்படாதவை. வெசாக் காலத்தை அடுத்துப் பூக்கும் வெசாக் ஓக்கிட் ஈரவலயக் காடுகளுக்கே உரியது. மரங்களிலிருந்து பிடுங்கி விற்கப்பட்டதனாலும், காடுகள் குறைந்ததனாலும் அருகிவிட்டது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இதனைப் பாதுகாக்கின்றது. காட்டிலிருந்து பிடுங்கிய செடி பெரும்பாலும் வீட்டில் நெடுநாள் வாழ்வதுமில்லை. ஒரு காயிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுக்களைப் போத்தலில் வளர்க்கக்கூடிய இக்காலத்தில், காட்டுச் செடியைப் பிடுங்குவதற்கு நியாயம் யாதுமில்லை.

சுருக்கம்

வளர்ச்சி ஓமோன்கள் இழைய வளர்ப்பின் திறவுகோல்களாகும். சைற்றோகைனின் தளிரையும், ஒட்சின் வேரையும் தூண்டும். இரண்டின் விகிதமே விளைவை முடிவுசெய்யும். குறைந்த அளவிற் காரியம் ஆகுமாயின் கூடிய அளவு வேண்டியதில்லை. விரைவாகப் பெருகிய ஆயிரம் நாற்றுக்களினும், தாயின் இயல்பு மாறாத நூறு நாற்றுக்களே கமக்காரருக்கு இலாபந்தருவன. கூழ் தயாரித்தலையும் ஓமோன் அளத்தலையும் பயிற்சி பெற்றோரிடம் விட்டு, நாற்றைத் தெரிவுசெய்தலிலும் வெளிக்காற்றுக்குப் பழக்குதலிலும் கமக்காரர் தமது கவனத்தைச் செலுத்துவாராயின், இச்செய்கையில் நற்பயன் பெறலாம். மேலதிக விபரங்கள் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிவாராக.